எல்கேஜி புள்ளைங்களுக்கு தமிழ் எழுத்து: ஜூன்ல இருந்து மார்ச் வரைக்கும், எதுக்கு அப்புறம் எது

பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன நர்சரி ஸ்கூல்ல 11 வருஷமா எல்கேஜி எடுக்குறேன். வருஷா வருஷம் புதுசா ஒரு மிஸ் வருவாங்க, நல்லா படிச்சிருப்பாங்க, புள்ளைங்க மேல பாசமும் இருக்கும், ஆனா ஜூன் மாசம் ரெண்டாவது வாரமே போர்டுல பெருசா அ போட்டு எல்லார் கையிலயும் பென்சில குடுத்துருவாங்க. ஆகஸ்ட்ல பாத்தா பாதி புள்ளைங்க தமிழ் பீரியட்னாலே பாத்ரூம் போகணும்னு கை தூக்கும். எழுத்துல தப்பு இல்ல, பென்சில்லயும் தப்பு இல்ல, கடைசியா வரவேண்டியது மொதல்ல வந்துருச்சு, அவ்ளோதான். மொதல்ல காது, அப்புறம் விரல், அப்புறம் கண்ணு, கடைசியா பென்சில். இந்த வரிசைக்கு எல்கேஜி முழுசா, ஜூன்ல இருந்து மார்ச் வரைக்கும் என்ன பண்றதுன்னு கீழ எழுதுறேன். மூணரை, நாலு வயசுப் புள்ளைங்களுக்கானது இது, யூகேஜிக்கு வேற கணக்கு.

1. ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி சேத்து வெக்க வேண்டியது

காசு பெருசா ஆகாது. அஞ்சாறு எவர்சில்வர் தட்டு (விளிம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கணும்), ஒரு கிலோ ரவை, புளியங்கொட்டை, பெரிய பாசிமணி, துணி காயப்போடுற கிளிப்பு ரெண்டு டஜன், பழைய நியூஸ்பேப்பர், ஆளுக்கு ஒரு சிலேட்டு. கெட்டி அட்டை மொத்தமா வேணும்னா பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல வாங்கிக்கோங்க. ஹார்டுவேர் கடையில உப்புத்தாள் நாலஞ்சு ஷீட், ரொம்ப கரகரன்னு இருக்குறது வேணாம், விரல் தேயும்.

பீச் மணல் வேணாம். நானும் மொதல் வருஷம் மெரினாவுல இருந்து ஒரு பை நிறைய அள்ளிட்டு வந்தவதான். எவ்ளோ சலிச்சாலும் உடைஞ்ச சிப்பி இருந்துக்கிட்டே இருக்கும், உப்பு ஈரத்தை இழுத்துக்கிட்டு மணல் காயவே காயாது. ரவை போதும். எறும்பு வரும், அதனால தினமும் டப்பாவுல போட்டு மூடுங்க. ரெண்டு பேர் அள்ளி வாயில போடுவாங்க, போட்டா ஒண்ணும் ஆகாது, அதுக்காகத்தான் ரவையே.

புளியங்கொட்டையும் மணியும் மட்டும் எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கணும். இந்த வயசுல மூக்குக்குள்ள போறதுக்கு அரை நிமிஷம் போதும்.

247 எழுத்தும் இருக்குற சார்ட்டை அஞ்சடி உயரத்துல மாட்டி வெக்குறது டீச்சருக்கு அழகு, புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எதை மாட்டினாலும் மூணடி உயரத்துல மாட்டுங்க, அங்கதான் அதுங்க கண்ணு இருக்கு.

2. பேரண்ட்ஸ் கிட்ட மொத மீட்டிங்லயே சொல்லிருங்க

இதைத் தள்ளிப் போட்டா ஜூலைல கேட்டுக்கிட்ட நின்னு பதில் சொல்லணும். "மிஸ், பக்கத்து வீட்டுப் பாப்பா அ ஆ இ ஈ எல்லாம் எழுதுது, எங்க புள்ள நோட்டு காலியாவே இருக்கே"ன்னு ஒரு அம்மா கட்டாயம் வருவாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, பீஸ் கட்டுறவங்களுக்கு நோட்டுதான் கண்ணுக்குத் தெரியுற ரசீது.

நான் சொல்றது இதுதான்: மணிக்கட்டுல 8 குட்டி எலும்பு இருக்கு, பொறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு, ஒண்ணொண்ணா கெட்டியாகி வரும், நாலு வயசுல பாதிகிட்டத்தான் ஆகியிருக்கும். அந்தக் கையில பென்சில குடுத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னா அது அழுத்திப் பிடிக்கும், வலிக்கும், அப்புறம் அந்தப் பிடியே பழக்கமாயிரும். இதைச் சொல்லி முடிச்சதும் என் கையை நீட்டி மணிக்கட்டைக் காட்டுவேன், எல்லாரும் அவங்கவங்க கையைத் தடவிப் பாப்பாங்க. அதுக்கப்புறம் பெருசா கேள்வி வராது. தாத்தா பாட்டிங்கதான் விடமாட்டாங்க, அவங்களுக்கு விஜயதசமி வரைக்கும் டைம் வாங்கிக்கோங்க. நெல்லுல, அரிசியில விரல் வெச்சு எழுதுற நாள் அதுதானே, அன்னிக்கும் பென்சில் கிடையாதேன்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவாங்க.

3. மொதல் ஆறு வாரம் காதுக்கு

ஒரு எழுத்தும் காட்டாதீங்க. சத்தம் மட்டும்தான்.

எழுத்துங்கிறது ஒரு சத்தத்தோட படம். அந்தச் சத்தமே காதுல தனியா விழலைன்னா படத்தை வெச்சு என்ன பண்ணும்? தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு, ஒரு எழுத்து கிட்டத்தட்ட ஒரு அசை. ப-ங்கிறதை ஒரே துண்டா காதுல வாங்குறது நாலு வயசுக்கு ஈசி. இங்கிலீஷ் ஃபோனிக்ஸ் ட்ரெய்னிங் முடிச்சிட்டு வந்தவங்க அதே மாதிரி ப் கூட்டல் அ சமம் ப-ன்னு தமிழ்லயும் ஆரம்பிச்சிடறாங்க. வேணாம். அந்தக் கணக்கு பின்னாடி இலக்கணத்துக்கு, இப்ப ப-ன்னா ப, முழுசா ஒரே சத்தம்.

மொத வாரம் கைதட்டு. இட்-லி, தக்-கா-ளி, அவங்க பேரு, அவங்க அம்மா பேரு, ஏறுற பஸ் ஸ்டாப் பேரு. தட்டு எண்ணிக்கையும் எழுத்து எண்ணிக்கையும் ஒத்து வராது (இட்லிக்கு ரெண்டு தட்டு, மூணு எழுத்து), அதைப் பத்தி இப்ப யாரும் கவலைப்பட வேணாம்.

மூணாவது வாரத்துல இருந்து கூடை விளையாட்டு. ஒரு கூடையில பத்து சாமான், அதுல ப-ல ஆரம்பிக்கிறதை மட்டும் எடுக்கணும். இங்கதான் நான் பெருசா ஒரு தப்பு பண்ணேன். பந்து, பல்லி, பலாப்பழம், கூடவே ஒரு பொம்மை பஸ், இப்படி வெச்சிருந்தேன். ஒரு பையன் பந்து, பல்லி, பலா மூணையும் மடியில வெச்சுக்கிட்டான், பஸ்ஸை மட்டும் எடுத்துட்டுப் போயி ஜன்னல் ஓரமா விட்டுட்டு வந்தான். ஏன்டான்னு கேட்டா "அது வேற மிஸ்"ங்கிறான். நான் "இல்லடா செல்லம், அதுவும் ப தான்"னு எடுத்து அவன் மடியிலயே வெச்சேன், அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். வீட்டுக்குப் போற வழியிலதான் எனக்கே உறைச்சது. பந்து சொல்லும்போது வர்ற ப-வும் பஸ் சொல்லும்போது வர்ற ப-வும் ஒண்ணே இல்ல, எழுதும்போதுதான் ஒண்ணு. அவன் காது சரியா இருந்துச்சு, எனக்குத்தான் எழுத்து தெரிஞ்சதால காது போயிருச்சு.

அதனால கூடையில என்ன வெக்குறீங்கன்னு வாயால சொல்லிப் பாத்துட்டு வைங்க. பஸ், பன், பலூன், பக்கெட்டு இதெல்லாம் ப கூடையில வேணாம், பொம்மை கன், கம் பாட்டில் இதெல்லாம் க கூடையில வேணாம். நம்ம ஊரு புள்ளைங்க வாயில இந்த வார்த்தைங்கதான் ஜாஸ்தி, அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

ழ-வைப் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். வாயப்பயம்னு சொன்னா திருத்தி எட்டு தடவை சொல்ல வெக்காதீங்க. வீட்டுல அப்படித்தான் கேக்குது, அதோட ழ நாக்குக்கு லேட்டா வர்ற சத்தம். நீங்க மட்டும் சரியா சொல்லிக்கிட்டே இருங்க, "ஆமா, வாழைப்பழம் வேணுமா?"ன்னு. அது போதும்.

இந்த ஆறு வாரத்துல ஒரு புள்ள மட்டும் எப்பவும் பக்கத்துப் புள்ளையைப் பாத்து பாத்தே தட்டுதுன்னா குறிச்சு வைங்க. முதுகுப் பக்கமா நின்னு மெதுவா கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலைன்னா அம்மாகிட்ட சொல்லி காது டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. சளி கட்டி காதுக்குள்ள நீர் சேர்ந்திருக்குறது இந்த வயசுல சாதாரணமா வர்றது, கவனிக்காம விட்டா அந்த வருஷம் பூரா புள்ள பாதி சத்தத்தைத்தான் கேக்கும்.

4. அதே ஆறு வாரத்துல விரலுக்கு வேலை

காது வேலை காலையில, விரல் வேலை ஸ்நாக்ஸ் டைமுக்கு அப்புறம். கிளிப்பை அட்டை ஓரத்துல மாட்டி மாட்டி எடுக்குறது, பாசி கோக்குறது, நியூஸ்பேப்பரை நீட்டு நீட்டா கிழிக்கிறது, சப்பாத்தி மாவை உருட்டிப் பாம்பு பண்றது, பட்டாணி உரிக்கிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யணும், அதுதான் பாயிண்ட். நாளைக்கு பென்சிலைப் பிடிக்கப்போறது அந்த ரெண்டும், முட்டுக்குடுக்கப்போறது நடு விரலும்.

பேப்பர் கிழிக்கிறதை மட்டும் சாதாரணமா நெனைக்காதீங்க. ஒரு கை பிடிக்கணும், ஒரு கை இழுக்கணும், ரெண்டும் வேற வேற வேலை. எழுதும்போது நோட்டைப் பிடிக்கிற கை சும்மா தொங்குற புள்ளைங்க எல்லாம் இதைத் தாண்டாம வந்ததுங்கதான்.

இடது கைப்பழக்கம் இருந்தா விடுங்க, மாத்தாதீங்க. வீட்டுல மாத்தச் சொன்னாலும் நீங்க பண்ணாதீங்க. அந்தப் புள்ளையை பெஞ்சோட இடது ஓரத்துல உக்கார வைங்க, இல்லைன்னா பக்கத்துப் புள்ளையோட முட்டி முட்டியே சண்டை வரும்.

5. அப்புறம் கோடு

ஆகஸ்ட்ல. எழுத்து இல்ல, கோடுதான். நிக்கிற கோடு மொதல்ல, அப்புறம் படுத்த கோடு, அப்புறம் வட்டம், நாலு வயசுவாக்குல கூட்டல் குறி. சதுரம் அதுக்கும் அப்புறம், சாய்ஞ்ச கோடு வர்ற முக்கோணம் அஞ்சு வயசுகிட்ட. இது நம்ம இஷ்டத்துக்கு வெச்ச வரிசை இல்ல, கையும் கண்ணும் சேர்ந்து வளர்ற வரிசையே இப்படித்தான்.

பெருசுல இருந்து சிறுசுக்கு வாங்க. மொதல்ல வாசல்ல தண்ணியும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும், செவுத்துல தோளை அசைச்சு வரையட்டும், வெயில்ல அதுவே காஞ்சிரும், அழிக்கிற வேலையும் மிச்சம். அப்புறம் தரையில சாக்பீஸ். அப்புறம்தான் சிலேட்டு. நாலு கோடு நோட்டை இப்பவே குடுத்துட்டு "கோட்டைத் தாண்டாத"ன்னு சொல்றதுதான் நான் பாத்ததுலயே ரொம்ப சகஜமான தப்பு. தோளே இன்னும் அடங்கலை, விரல் எப்படி அந்தக் கோட்டுக்குள்ள அடங்கும்?

6. எந்த எழுத்து மொதல்ல

அ-வை எடுத்துப் பாருங்க. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுத்த கோடு, ஒரு நிக்கிற கோடு, எல்லாம் ஒரே எழுத்துல. இ இன்னும் மோசம். அகர வரிசை அகராதி பாக்குறதுக்கு, எழுதப் பழக அது சரிவராது. பாட்டா பாடட்டும், அ ஆ இ ஈ மனப்பாடமா வரட்டும், நல்லது. எழுத வேணாம்.

எழுதுறதுக்கு ட. ஒரு கோடு கீழ, ஒரு கோடு வலது பக்கம், முடிஞ்சது. அதோட இன்னொரு கோடு மேல ஏத்தினா ப. ப மாதிரியே போயி, மேல ஏறி, இடது பக்கமா வளைஞ்சு நடுவுல இறக்கினா ம. ஒண்ணு கத்துக்கிட்டா அடுத்தது பாதி கையில இருக்கு. இந்த மூணுக்கு அப்புறம் ர, க. அப்புறம் ச, த (க வந்துட்டா இது ரெண்டுக்கும் தலைப்பகுதி ஏற்கனவே தெரிஞ்ச மாதிரி). அப்புறம் வளைவுங்க, ல, வ. அ-வும் ஆ-வும் ஜனவரிக்கு மேல.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, எனக்குப் புரியுறதுக்கே மூணு வருஷம் ஆச்சு. கைக்கு ட, ப, ம-ங்கிற வரிசை சரி. கண்ணுக்கு அது சரியில்ல. ட-வுக்கும் ப-வுக்கும் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம், ரெண்டையும் ஒரே வாரத்துல காட்டினா புள்ளை குழம்பும். அதனால அட்டையில காட்டி அடையாளம் சொல்ல வெக்குறது ட-வும் ம-வும், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத ஜோடி. ரெண்டும் கெட்டியானதும் நடுவுல ப. எழுதும்போது மட்டும் ட, ப, ம.

ட-ல வார்த்தை ஆரம்பிக்காதுன்னு இலக்கணம் சொல்லும். நம்ம கிளாஸ்ல டம்ளரும் டயரும் டவலும் இருக்கு, தாராளமா உபயோகிச்சுக்கோங்க. டப்பா வேணாம், காரணம் மேல சொன்ன பஸ் கதைதான்.

7. ஒரு எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துறது

கெட்டி அட்டையில உப்புத்தாளை எழுத்து வடிவத்துல வெட்டி ஒட்டுங்க, உள்ளங்கை அளவு. ஆரம்பிக்கிற இடத்துல ஒரு பச்சைப் பொட்டு. எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு சொல்லாதீங்க, அஞ்சு பேர் அஞ்சு பேரா. மத்தவங்க ஆயாம்மா கூட மாவு உருட்டட்டும். ஆயாம்மா இல்லாத ஸ்கூல்னா நீங்களே ஒரு ஓரமா உக்காந்து, மத்தவங்க கண்ணுல படுற மாதிரி பண்ணுங்க, ஒரு நாளைக்கு ஒரு குரூப்தான் முடியும், பரவால்ல.

நீங்க மொதல்ல ரெண்டு விரலால தடவிக் காட்டுங்க, தடவிக்கிட்டே "ட". அப்புறம் புள்ள தடவட்டும். அதுக்கப்புறம் மூணு படி, மாண்டிசோரி ட்ரெய்னிங் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணு, "இது ட, இது ம." ரெண்டு, "எங்க ட, என்கிட்ட குடு, ம-வை உன் தலைமேல வை, ட-வை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வை." மூணு, "இது என்ன?"

புதுசா வர்றவங்க ஒண்ணுல இருந்து நேரா மூணுக்குத் தாவுவாங்க. ரெண்டாவதுதான் ரொம்ப நேரம் நடக்கணும், ஒரு வாரம் கூட ஆகட்டும். கேட்டு எடுத்துக் குடுக்குறது ஈசி, ஞாபகத்துல இருந்து பேரைச் சொல்றது கஷ்டம், அந்த கஷ்டத்தை மொத நாளே குடுத்தா தெரியாதுன்னு தலையைக் குனிஞ்சுக்கும். மூணாவதுல தப்பா சொன்னா "இல்ல"ன்னு சொல்ல வேணாம், சிரிச்சிக்கிட்டே ஒண்ணாவதுக்குத் திரும்பிப் போங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்.

8. ரவைத் தட்டு, பல்பம், பென்சில்

தட்டுல ரவையை மெல்லிசா பரப்புங்க, கெட்டியா போட்டா கோடு மூடிக்கும். அட்டையைத் தடவிட்டு உடனே தட்டுல விரலால. தப்பா வந்தா லேசா ஆட்டுனா போச்சு, ரப்பர் வேணாம், தப்புக்குத் தடயமும் இல்ல. இதுலயே ஒரு மாசம்.

இந்த நேரத்துல உங்க கண்ணு எழுத்து மேல இருக்கக்கூடாது, விரல் எங்க ஆரம்பிக்குதுங்கிறதுல இருக்கணும். ஒரு வருஷம் நடுவுல வேற ஸ்கூல்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, நோட்டை வாங்கிப் பாத்தா பக்கம் பக்கமா அ, அச்சுல வார்த்த மாதிரி. எழுதச் சொல்லிப் பக்கத்துல உக்காந்து பாத்தேன். கடைசியா போட வேண்டிய நிக்கிற கோட்டை மொதல்ல போட்டுச்சு, அப்புறம் நடுவுல ஒரு கோடு, கடைசியா போயி சுழி. எழுத்தை அது எழுதலை, பாத்து பாத்து வரைஞ்சிருக்கு. நோட்டை மட்டும் திருத்துற டீச்சருக்கு இது கடைசி வரைக்கும் தெரியாது. அதை மாத்த எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அந்தப் பொண்ணுக்கு அழுகை வேற.

கையைப் பிடிச்சு எழுத வெக்காதீங்க. நீங்க பிடிச்சா உங்க கைதான் எழுதுது, அது தன் கையைத் தளர விட்டுட்டு ஃபேனைப் பாத்துட்டு இருக்கும். விஜயதசமி அன்னிக்கு பெரியவங்க மடியில வெச்சுப் பிடிக்கிறது சடங்கு, அது வேற.

அக்டோபர், நவம்பர்ல எழுத்தும் சிலேட்டுக்கு வரட்டும். பல்பத்தை முழுசா குடுக்காம ரெண்டா, மூணா உடைச்சுக் குடுங்க. குட்டித் துண்டை முஷ்டியால பிடிக்கவே முடியாது, தானா மூணு விரலுக்கு வந்துரும். வாயில வெச்சுக் கடிக்கிறவங்களைப் பக்கத்துல உக்கார வைங்க, விடாம தின்னுதுன்னா அம்மாகிட்ட சொல்லுங்க, சிலருக்கு இரும்புச்சத்துக் குறைவுனாலயும் அப்படி ஒரு ஆசை வரும், டாக்டர் பாத்தா தெரிஞ்சிரும்.

பென்சில் டிசம்பர்லதான், அதுவும் கோடு போடாத பேப்பர்ல. கட்டம் போட்ட நோட்டு பொங்கல் லீவுக்கு அப்புறம். ஒரு எழுத்தை அஞ்சு தடவைக்கு மேல எழுதச் சொல்லாதீங்க. ஆறாவதுல இருந்து கை சோர்ந்து வடிவம் கெட ஆரம்பிக்கும், அப்ப நீங்க பழக்கப்படுத்துறது கெட்டுப்போன வடிவத்தை. ஹோம்வொர்க்குக்கும் இதே கணக்கு.

9. மூணு எழுத்து வந்ததும் வார்த்தை

12 உயிர் முடியட்டும், 18 மெய் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. ட, ப, ம வந்துருச்சுன்னா புள்ளியை அறிமுகப்படுத்தி அட்டையை அடுக்குங்க: படம். அடுத்து மடம், பட்டம். ர வந்தா மரம். க வந்தா பக்கம். ல வந்தா பல், கல், கடல். கடல் வர்ற அன்னிக்கு கிளாஸே கத்தும், போன ஞாயித்துக்கிழமை பீச்சுல சுண்டல் சாப்ட கதையெல்லாம் வரும், அன்னிக்கு வேற பாடம் எடுக்க முடியாது.

புள்ளிக்கு விளக்கம் வேணாம். ம-ன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க, ம்-னு மூடிக் காட்டுங்க. "புள்ளி வெச்சா வாயை மூடிக்கோ", ம்-க்கு அது போதும். ல் வரும்போது வாய் மூடாது, அப்ப "புள்ளி வெச்சா குட்டி சத்தம்"னு மாத்திக்கோங்க.

படம்னு படிக்க வெக்கும்போது ஒரு தடங்கல் வரும். ட-வைத் தனியா அழுத்திச் சொல்லிப் பழகின புள்ள, பட்டம் சொல்ற மாதிரியே ட-வை அழுத்திப் படிச்சிட்டு முழிக்கும். படத்தைக் கையில காட்டுங்க, "ஓ, படம்!"னு அதுவே சரி பண்ணிக்கும். பேச்சு அதுக்கு ஏற்கனவே தெரியும், எழுத்தைப் பேச்சோட ஒட்டிவிடறதுதான் நம்ம வேலை. அதனாலதான் தெரியாத வார்த்தையை அடுக்கக்கூடாது. பரம், கரம்னு எழுத்து சேருதேன்னு சில மிஸ்ஸுங்க போடுவாங்க, புள்ளைக்கு அது வெறும் சத்தம்.

வடை கேப்பாங்க. எல்லா வருஷமும் கேப்பாங்க. நானே அட்டையில எழுதி ஒட்டிருவேன், அதைப் பிரிச்சுச் சொல்லித் தரமாட்டேன், படமா பாத்து ஞாபகம் வெச்சுக்கட்டும், ை யூகேஜில வரும்.

10. வீட்டுல தமிழ் பேசாத புள்ளைங்க

தெலுங்கு, உருது, இந்தி பேசுற வீடு, இப்ப கட்டட வேலைக்கு வந்த ஒடியா, பீகார் குடும்பத்துப் புள்ளைங்களும் கிளாஸுக்கு ரெண்டு மூணு பேர் இருக்காங்க. அதுங்களுக்கு காது வேலைக்கு ஆறு வாரம் பத்தாது, பொங்கல் வரைக்கும் ஆகும். பரவால்ல, விரலும் கோடும் மத்தவங்களோட சேர்ந்தே போகட்டும், அதுக்கு மொழி வேணாம். எழுத்தை மட்டும் அவசரப்படாதீங்க. பட அட்டை காட்டுனா அது மொதல்ல வீட்டு மொழியில சொல்லும், சொல்லட்டும், நீங்களும் அதைத் திருப்பிச் சொல்லிட்டு தமிழ்ல சொல்லுங்க. பெத்தவங்க கிட்ட "வீட்டுல தமிழ்லயே பேசுங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அரைகுறையா ஒரு மொழியைக் கேக்குறதுக்கு நல்லா ஒரு மொழியைக் கேக்குறதே மேல்.

11. மார்ச்ல யூகேஜி மிஸ்ஸுக்குக் குடுக்க வேண்டியது

பரிட்சை வெக்காதீங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு அட்டை, அதுல நாலே விஷயம்: எந்த எழுத்தைக் கேட்டா எடுத்துக் குடுக்குது, எதைப் பாத்தா பேரு சொல்லுது, எதை சரியான இடத்துல ஆரம்பிச்சு எழுதுது, பென்சிலை எப்படிப் பிடிக்குது. என் கிளாஸ்ல பெரும்பாலான புள்ளைங்க மார்ச்ல பத்து பன்னெண்டு எழுத்துல நிக்கும், மூணு நாலு பேர் அஞ்சுலயே நிப்பாங்க, அவங்க அட்டையில "காதுல இருந்து திரும்ப"ன்னு எழுதி வெப்பேன்.

அட்டையைக் கையில குடுத்துட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசிட்டும் வாங்க. இல்லைன்னா அது பீரோவுல போயிரும், ஜூன்ல திரும்ப எல்லாருக்கும் அ-வுல இருந்து ஆரம்பிப்பாங்க.